ரியோகோகுவில் ஒரே ஒரு நாள்: போட்டியா, காலைப் பயிற்சியா, மேடைக் காட்சியா, சும்மா தெரு சுற்றலா?

டோக்கியோவுக்கு ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "சுமோ பாக்கணும், எப்படிப் பாக்குறது?" கேட்பவர் கையில் ஏற்கெனவே நாலைந்து விளம்பரம் இருக்கும். ஒன்றில் சில ஆயிரம் யென் போட்டிருக்கும், இன்னொன்றில் 15,000 யென், இரண்டிலும் அதே குண்டு மல்லர்கள் அதே மாதிரி காலைத் தூக்கி நிற்கும் படம். எதற்குப் பணம் கட்டுவது என்று புரியாமல் முழிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ரியோகோகு என்பது டோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில், சுமிதா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் பேட்டை. அகிஹபாராவிலிருந்து சோபு லைன் ரயிலில் இரண்டே நிறுத்தம். பெயருக்கு அர்த்தம் 'இரண்டு நாடுகள்'. ஆற்றுக்கு அந்தப்பக்கம் முசாஷி, இந்தப்பக்கம் ஷிமோசா என்று இருந்த காலத்தில் இரண்டையும் சேர்த்த பாலத்துக்கு வைத்த பெயர், அப்படியே ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது. சுமோவின் தலைமை அரங்கான கொகுகிகான் இங்கேதான் இருக்கிறது.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் தேதி. மற்றதெல்லாம் அப்புறம். டிக்கெட் விலை, இருக்கை என்று ஒரு வாரம் அலசிவிட்டு, போகும் மாதத்தில் மல்லர் ஒருவர்கூட டோக்கியோவில் இல்லை என்று கடைசியில் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய போட்டிகள் வருடத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் 15 நாள், அதில் மூன்றுதான் டோக்கியோவில்.

| மாதம் | மல்லர்கள் எங்கே | ரியோகோகுவில் உங்களுக்கு என்ன கிடைக்கும் |
|---|---|---|
| ஜனவரி, மே, செப்டம்பர் | டோக்கியோ | கொகுகிகானில் போட்டி |
| பிப்ரவரி, ஜூன் | பெரும்பாலும் டோக்கியோ, மாதக் கடைசியில் கிளம்பிவிடுவார்கள் | காலைப் பயிற்சி |
| மார்ச், ஜூலை, நவம்பர் | ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா | தெரு, அருங்காட்சியகம் |
| ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் | பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் | தெரு, அருங்காட்சியகம். அதிர்ஷ்டம் இருந்தால் பயிற்சி |

அடுத்தது பணம். 100 யென் ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, முழங்கால். சிரிக்காதீர்கள், காரணம் கீழே வரும். நாலாவது, கூட வருவது யார்: சத்தம் போடாமல் இரண்டு மணி நேரம் உட்காராத குழந்தையா, சைவம் மட்டும் சாப்பிடும் அம்மாவா. கடைசியாக, உங்களுக்கு வேண்டியது உண்மையான போட்டியின் பதைபதைப்பா, பக்கத்தில் நின்று பார்ப்பதா, புகைப்படமா. இந்த மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது.

போட்டி நாள்

தேதி பொருந்தினால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதற்கே போங்கள். இப்போதைய கொகுகிகான் 1985ல் திறந்தது, ஏறக்குறைய 11,000 பேர் உட்காரலாம். காலை எட்டரை வாக்கில் கீழ்நிலை மல்லர்களில் ஆரம்பித்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் இரண்டாம் பிரிவு, மூன்றே முக்கால் வாக்கில் முதல் பிரிவு மல்லர்கள் பூவேலைப் பட்டு முன்றானை கட்டி வட்டமாக நிற்கும் சடங்கு, ஆறு மணிக்குக் கடைசி ஆட்டமும் வில் சுழற்றலும் என்று நாள் முழுக்க ஓடும். 2025ல் ஹோஷோர்யு, ஓனோசாதோ என்று இரண்டு பேர் சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவுக்கு உயர்ந்தார்கள், அதிலிருந்து டிக்கெட்டுக்கு அடிதடி இன்னும் கூடியிருக்கிறது. போட்டி தொடங்க ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு விற்பனை திறக்கும், சனி ஞாயிறு உடனே தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு கிளைக் கேள்வி உண்டு, அதில்தான் எல்லோரும் தப்பு பண்ணுகிறார்கள்: கீழே பெட்டி இருக்கையா, மேலே நாற்காலியா?

பெட்டி இருக்கையை மசு என்பார்கள். மசு என்றால் அரிசி அளக்கும் மரப்பெட்டி, நம் படி மாதிரி. பெயருக்கு ஏற்ற அளவுதான் இருக்கும்: ஒரு பக்கம் 1.3 மீட்டர், சுற்றிலும் குட்டைக் கம்பி, உள்ளே நாலு மெத்தைத் தலையணை, நாலு பேர். படத்தில் பார்க்க ரொம்ப அழகு. ஒரு மே மாதம் என் மாமனார் மாமியார் வந்திருந்தபோது, வந்ததுக்கு நல்ல இடமாகப் போடுவோம் என்று பெட்டி எடுத்தேன். முக்கால் மணி நேரம் மாமா சம்மணம் போட்டுச் சமாளித்தார். அப்புறம் ஒரு காலை மடக்கி, மறு காலைக் குத்துக்கால் வைத்து, பின்பெட்டிக்காரர் மீது சாய்ந்து மன்னிப்புக் கேட்டு, கடைசியில் என் காதில், "மாப்பிள்ளை, பந்தியில உக்காந்தாகூட இலைய மடிச்சிட்டு எந்திரிச்சிடலாம், இது எவ்வளவு நேரங்க?" என்றார். நாலு மணி நேரம் பாக்கி இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நடைபாதையில் நின்றபடியே முக்கால்வாசி ஆட்டத்தைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்.

பெட்டியை முழுசாகத்தான் விற்பார்கள், ஆளுக்கு 10,000 யென் சுற்றியோ அதற்கு மேலோ வரும். நீங்கள் இரண்டே பேர் போய் நாலு பேர் பெட்டியை எடுத்தால் மீதி இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான். இரண்டாம் மாடி நாற்காலி சில ஆயிரம் யெனில் முடிந்துவிடும். தூரம்தான், முகபாவம் தெரியாது. ஆனால் மல்லர்கள் மோதும் கயிற்று வளையம் முழுக்க மேலிருந்து தெரிவதால் யார் கால் எப்போது கயிறு தாண்டியது என்று கீழே இருப்பவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊரிலிருந்து ஒரே முறை வருபவருக்கு என் ஓட்டு நாற்காலிக்குத்தான். மேடையை ஒட்டியே தரையில் உட்காரும் இடமும் உண்டு. 150 கிலோ ஆள் மடியில் விழும் வாய்ப்பு நிஜமாகவே இருப்பதால் அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, சாப்பிடவும் கூடாது, விலையையும் கேட்காதீர்கள்.

மறைமுகச் செலவு என்றால் இடைத்தரகர்தான். அதிகாரபூர்வ விற்பனையில் தீர்ந்ததும் சுற்றுலாத் தளங்களில் அதே நாற்காலி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலையில், 'வழிகாட்டியுடன்' என்ற ஒட்டுச் சீட்டோடு நிற்கும். வழிகாட்டி உங்களை வாசலில் விட்டுவிட்டு ஒரு தாளைக் கொடுத்துப் போய்விடுவதும் நடக்கிறது.

இன்னொன்று, பொறுமை. முதல் பிரிவில் ஒரு ஆட்டத்துக்கு முன்னால் நாலு நிமிடம் வரை உப்பு வீசுவார்கள், குந்துவார்கள், முறைப்பார்கள், திரும்பப் போய் உப்பு எடுப்பார்கள். மோதல் பல சமயம் பத்து நொடிகூட ஓடாது. (இந்த நேர வரம்பே 1928ல் வானொலி ஒலிபரப்பு வந்ததால் வைத்ததாம், அதற்கு முன் இஷ்டத்துக்கு முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.) சும்மா காத்திருந்தால் சலிக்கும். விளம்பரக் கொடிகளை எண்ணுங்கள். ஆட்டத்துக்கு முன் வளையத்தைச் சுற்றிக் கொடி தூக்கிப் போவார்களே, ஒவ்வொரு கொடிக்கும் விளம்பரதாரர் 70,000 யென் கட்டியிருக்கிறார், அதில் ஒரு பங்குதான் ஜெயித்தவர் கையில் கட்டுக்கட்டாக உறையில் வருகிறது. கொடி நிறைய வந்தால் பெரிய ஆட்டம் என்று அர்த்தம். என் பையன் பத்து வயதில் இதை வைத்தே மூன்று மணி நேரத்தை ஓட்டினான்.

போவதென்றால் ஒரு மணிக்கே போய்விடுங்கள். முன்னணி மல்லர்கள் கிமோனோவில் ஒவ்வொருவராக நடந்து வர ஆரம்பிக்கும் நேரம் அது. கூந்தலுக்குப் பூசும் மெழுகெண்ணெய் வாசனை, இனிப்பாக, ஆள் கடந்து போன பிறகும் காற்றில் நிற்கும்.

காலைப் பயிற்சி

மல்லர்கள் ஹேயா என்ற கூடங்களில் குருவோடு ஒன்றாகத் தங்கி, விடியும் முன் எழுந்து வெறும் வயிற்றில் பயிற்சி செய்கிறார்கள். ரியோகோகுவிலும் சுற்றுப்புறத்திலும் பல கூடங்கள் இருக்கின்றன. சிலவற்றில் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், ஆனால் பெரும்பாலும் ஜப்பானிய மொழி பேசும் ஒருவர் கூட வர வேண்டும், முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் வழிகாட்டியோடு போகும் பயணங்கள், பெரும்பாலும் ஆளுக்கு 10,000 யெனுக்கு மேல். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஹமாச்சோவில் உள்ள அராஷியோ கூடத்தில் தெருவை ஒட்டிப் பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு, அதன் வழியாகக் காசில்லாமல் பார்க்கலாம். அன்றைக்குப் பயிற்சி உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

போட்டியில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும், அது சத்தம். இரண்டு உடம்பு மோதும்போது வருவது கைதட்டல் மாதிரிச் சத்தம் இல்லை, ஈர மூட்டையைத் திண்ணையில் போட்ட மாதிரி. ஒருவன் நெஞ்சைக் கொடுத்து நிற்க, இன்னொருவன் அவனை வளையத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போவான், முடியாமல் உருண்டு விழுவான், முதுகு முழுக்க மண் ஒட்டியிருக்கும், எழுந்து திரும்பத் தள்ளுவான். மூச்சு வாங்குவது நமக்கே வலிக்கும். இடையிடையே ஒரு பொடியன் துடைப்பத்தால் மண்ணைக் கூட்டிச் சமன் செய்துகொண்டே இருப்பான். கறுப்புக் கச்சை கட்டியவர்கள் கீழ்நிலை, வெள்ளைக் கச்சை மேல் இரண்டு பிரிவு. வெள்ளைக் கச்சை உள்ளே வந்ததும் அறையில் காற்றே மாறிவிடும். அந்தக் கறுப்புக் கச்சைப் பையன்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மேல் இரண்டு பிரிவுக்குத்தான் உண்டு என்று தெரிந்த பிறகு பார்த்தால் அந்த உருளல் வேறு மாதிரித் தெரியும்.

விதிகள் நமக்குப் புதிதல்ல. செருப்பைக் கழற்ற வேண்டும், பேசக் கூடாது, உள்ளங்காலை வளையத்தை நோக்கி நீட்டக் கூடாது. 'சாமி பக்கம் காலை நீட்டாதே' என்று பாட்டி தொடையில் தட்டியதெல்லாம் இங்கே உதவும். ஆனால் இங்கேயும் தரையில்தான் உட்கார வேண்டும், முழங்கால் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஐந்து வயசுக் குழந்தையோடு போவதை யோசித்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் இந்த நாலில் கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவது இதுதான். போட்டி முடிந்த வாரம் எல்லாக் கூடத்துக்கும் ஓய்வு. போட்டி நடக்கும்போது பயிற்சி சுருக்கம். குருவுக்கு வேறு வேலை வந்தால் அன்றைக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஒரு தளத்தில் என் நண்பனுக்கு ஓய்வு வாரத்திலேயே முன்பதிவு கொடுத்து, முந்தின நாள் இரவு பத்து மணிக்கு ரத்து என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். பணம் திரும்ப வந்தது, ஆனால் விடியற்காலை போக வசதி என்று அதிக வாடகைக்கு எடுத்த விடுதி அறையின் பணம் வரவில்லை. ரத்து விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

ஓய்வுபெற்ற மல்லர்களின் மேடைக் காட்சி

இது பெரும்பாலும் ரியோகோகுவைவிட அசாகுசா பக்கம் அதிகம். சாப்பாட்டோடு 10,000 யென் தாண்டும். ஓய்வுபெற்றவர்கள் இருவர் மூவர் விதிகளை விளக்கி, நகைச்சுவையாக மோதிக் காட்டி, பார்வையாளர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பஞ்சு உடை மாட்டி மோத விடுவார்கள், கடைசியில் புகைப்படம். ஜெயித்தால் பதவி உயர்வு, தோற்றால் இறக்கம் என்ற எதுவும் இங்கே இல்லை. அதனாலேயே எனக்கு ஒரு தடவைக்கு மேல் தாங்கவில்லை.

ஆனாலும் இதுதான் சரி என்று நானே சொல்லும் இடங்கள் உண்டு. சின்னக் குழந்தைகள், நாற்காலி வேண்டிய பெரியவர்கள், மார்ச்சிலோ ஜூலையிலோ வந்து மாட்டிக்கொண்டவர்கள். அப்புறம் பெண் குழந்தைகள். உண்மையான சுமோ மேடையில் பெண்கள் ஏறவே கூடாது. 2018 ஏப்ரலில் ஜப்பானின் மைசுரு நகரத்தில் மேயர் மேடையிலேயே சுருண்டு விழ, உயிர் காக்க ஓடி ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்து, பிறகு சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. காட்சி மேடையில் அந்தத் தடை இல்லை. என் அக்கா பெண் ஒரு மாஜி மல்லரைத் தலையால் முட்டித் தள்ளின படம் எங்கள் குடும்பக் குழுவில் இன்னும் சுற்றுகிறது.

சைவக்காரர்களுக்கு: சாப்பாடு சேர்ந்த டிக்கெட் என்றால் முன்பே கேளுங்கள். சாங்கோ என்ற மல்லர் குழம்பில் காய்கறி நிறைய மிதந்தாலும் அடியில் கோழியோ மீனோதான் கொதித்திருக்கும். கோழி இரண்டு காலில் நிற்பதால் ராசியாம், நாலு கால் பிராணி என்றால் கை ஊன்றித் தோற்றதற்குச் சமமாம். தோற்காமல் இருக்கட்டும், நமக்கு ரசமே சைவமில்லை.

சுமோவே இல்லாத ரியோகோகு

செலவு மிகக் குறைவு, முன்பதிவு தேவையில்லை, தேதிக் கவலை இல்லை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் பொதுவாக விடுமுறை.

ஹொகுசாய் அருங்காட்சியகம் 2016ல் திறந்தது. அந்தப் பெரிய அலை ஓவியம் வரைந்தவர் பிறந்த பேட்டை இது, வாழ்நாளில் 93 முறை வீடு மாறியவர் என்றாலும் பெரும்பகுதி இந்த வட்டாரத்தைச் சுற்றியே. நிரந்தரக் காட்சியில் இருப்பவை துல்லியமான நகல்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், அசல் அச்சுகளுக்குச் சிறப்புக் காட்சி நடக்கும் சமயம் பார்க்க வேண்டும். எனக்கு அங்கே பிடித்தது ஓவியமே இல்லை. வயதான ஹொகுசாய் போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு தரையில் குனிந்து வரைகிறார், பக்கத்தில் மகள் ஓயெய், சுற்றிலும் குப்பை, அந்த ஆளுயரப் பொம்மைக் காட்சி. வாள் அருங்காட்சியகம் 2018ல் இங்கே குடிவந்தது. எஃகின் மேல் ஓடும் அலைக்கோட்டைப் பார்க்கக் குனிந்து நிமிரும் பொறுமை இருந்தால் 1,000 யென் வீணில்லை, இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். பக்கத்திலேயே பழைய யசுதா தோட்டம், இலவசம். எடோ-டோக்கியோ அருங்காட்சியகம் பெரிய புனரமைப்புக்காக 2022 ஏப்ரலில் மூடப்பட்டது. 2026 வசந்தத்தில் திறப்பதாக அறிவித்திருந்தார்கள், பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த நாளின் உயிர் எகோயின் கோவிலில்தான் இருக்கிறது. 1657 தீ விபத்தில் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரமே எரிந்து, கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களை ஒன்றாகப் புதைத்த இடத்தில் எழுந்த கோவில் அது. 1768ல் இங்கே நிதி திரட்டச் சுமோ நடத்த ஆரம்பித்தார்கள், 1833லிருந்து இதுவே நிரந்தரக் களம், 1909ல் முதல் கொகுகிகான் வந்ததே இந்த வளாகத்தில்தான். சுமோ ஏன் இந்தப் பேட்டையில் வேர் பிடித்தது என்பதற்குப் பதில் அரங்கத்தில் இல்லை, இந்தச் சின்ன வாசலுக்குள் இருக்கிறது. உள்ளே நெசுமி கோசோ என்ற திருடனின் சமாதியும் உண்டு. பணக்காரர் வீடுகளுக்குள் மாட்டாமல் நுழைந்தவன் என்பதால், அவன் கல்லைச் சுரண்டிப் பொடியை வைத்துக்கொண்டால் சூதாட்டத்திலும் பரீட்சையிலும் நுழைந்துவிடலாம் என்று நம்பிக்கை. சுரண்டுவதற்கென்றே முன்னால் தனியாக ஒரு கல் நட்டிருக்கிறார்கள், பரீட்சைக்காலத்தில் அதன் அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கும்.

வடக்கே யோகோஅமிச்சோ பூங்கா. 1923 நிலநடுக்கத்தின்போது தப்பி வந்து இந்தத் திடலில் கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய 38,000 பேர் நெருப்புச் சூறையில் இறந்தார்கள். 1945 விமானத் தாக்குதலில் செத்தவர்களுக்கும் நினைவிடம் அதே மண்டபத்தில். குழந்தைகளோடு உற்சாகமாக வரும் நாளில் இதை விட்டுவிடலாம். தனியாக வந்தால் விடாதீர்கள்.

மூன்று நாள் டோக்கியோவில் முதல் முறை வந்திருப்பவர், சுமோ எதுவும் இல்லாத மாதத்தில் இதற்காக முழு நாளைச் செலவழிக்கத் தேவையில்லை, அரை நாள் போதும். இரண்டாம் முறை வருபவருக்கு முழு நாளே பத்தாது.

போட்டிதான் என்று முடிவானால், 15 நாளில் எந்த நாள்

கடைசி நாள்தான் வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கோப்பை, கீதம், பரிசளிப்பு எல்லாம் அன்றுதான், டிக்கெட் கிடைப்பதும் அன்றுதான் மிகக் கடினம். பட்டம் யாருக்கு என்பது முந்தின நாளே தீர்ந்துபோய்க் கடைசி நாள் சப்பென்று இருப்பதும் உண்டு. நான் நடுவில் ஒரு செவ்வாய், புதன் என்று சொல்லுவேன். சுலபமாகக் கிடைக்கும், ஆட்டத்தின் தரத்தில் குறைவில்லை, யோகோசுனா சின்ன ஆளிடம் தோற்றால் தடையை மீறித் தலையணை பறப்பதையும் பார்க்கலாம். அப்புறம் இன்னொரு காரணம்: ஆறு மணிக்குக் கூட்டத்தோடு வெளியே வரும்போது, வாசலில் நிற்கும் உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு மேளம் பொழியும். 'நாளைக்கும் வாங்க' என்று அர்த்தம். கடைசி நாள் மட்டும் அதை அடிக்க மாட்டார்கள்.